முப்பத்தொன்பதாயிரம் குடைகள்

கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். முத்திரையக்கா எந்தக் கூட்டக் குறிப்பையும் அப்படித்தான் தொடங்குவாள். அரங்கத்தின் நடுவே, வாலிபால் கோர்ட்டின் குறுக்கே போட்ட நீள மேஜையின் தலைமாட்டில் மேனேஜர். அவருக்கு வலது பக்கம் மாநகராட்சி அனுப்பிய இளம் பொறியாளர். நாற்காலி இருந்தும் அந்தப் பெண் உட்காராமல் மேஜை ஓரத்தில் சாய்ந்து நின்றதால் “நின்றபடி” என்று குறிக்க வேண்டியதாயிற்று. இடது பக்கம் கோச் மாஸ்டர், நடுவர் ஏறி உட்காரும் உயர நாற்காலியில். வேறு எதில் உட்கார்ந்தாலும் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அழைப்பே இல்லாத காவலர் கேட் அண்ணன், டீ கொண்டுவந்த சாக்கில், முதல் வரிசைப் பார்வையாளர் இருக்கையில். மேஜையின் கால்மாட்டில், பேனா, ஸ்டாம்ப் பேடு, ரப்பர் முத்திரை, பசைக் குப்பி எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் வைத்துக்கொண்டு, தலைமை எழுத்தரான முத்திரையக்கா.

அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. அந்த அலுவலகத்தில் ஒரு துண்டுத் தாள்கூட அவள் முத்திரை விழாமல் மேஜையைத் தாண்டாது. இருபத்தெட்டு வருஷத்தில் படிக்காமல் ஒரு கையெழுத்துப் போட்டதில்லை என்பதுதான் வீட்டிலும் வெளியிலும் அவள் சொல்லிக்கொள்ளும் ஒரே பெருமை. ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம்.

விஷயம் இதுதான். அரங்கத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊர்க்கோடியில் புது ஸ்டேடியம் வந்ததும் போட்டிகளெல்லாம் அங்கே போய்விட்டன. இரண்டேகால் வருஷமாக இங்கே ஒரு விசில் சத்தம் கிடையாது. இடித்துத் தரைமட்டமாக்கி முந்நூறு கார் நிறுத்தலாம் என்று மாநகராட்சி முடிவெடுக்கப் போகிறது. வேறு உபயோகம் இருந்தால் இன்று மாலை நாலு மணிக்குள் எழுத்தில் வந்து சேர வேண்டும். ஐந்து மணிக்குக் குழு கூடுகிறது.

மேனேஜர் ஒன்பது யோசனைகள் எழுதி வந்திருந்தார்.

“ஒண்ணு, பொருட்காட்சிக் கூடம்.”

“ஆள் வருமா சார்?” என்று கேட்டாள் பொறியாளர்.

“ரெண்டு, ஃபர்னிச்சர் குடோன்.”

“அதுக்கு ஆளே வேண்டாமே.”

“மூணு, காளான் வளர்ப்பு.”

கோச் மாஸ்டர் உயரத்திலிருந்து சிரித்தார். “அது ஏற்கெனவே வளருது சார். டிரெஸ்ஸிங் ரூம்ல போய்ப் பாருங்க.”

“நீங்க முதல்ல இறங்கி வாங்க மாஸ்டர். அங்கேருந்து பேசினா எனக்கு ஃபவுல் சொல்ற மாதிரியே இருக்கு.”

பொறியாளர் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். “சார், எனக்கும் இந்த இடம் பிடிக்கும். எட்டாவது படிக்கும்போது அதோ அந்தத் தூண் பக்கத்துல நின்னு கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கு. ஆனா குழுவுல ஒரே கேள்விதான். ஆள் வருமா, அதுக்கு ஆதாரம் என்ன? போன வருஷம் இந்தக் கட்டடத்துக்குள்ள எத்தனை பேர் வந்தாங்க?”

“யார் வருவா? பூட்டியில்ல கிடக்குது.”

“சுமாரா ஒரு கணக்கு?”

சுமார் என்ற சொல் முத்திரையக்காவுக்கு ஆகவே ஆகாது. “சுமார் எதுக்கு? சரியாவே சொல்லலாம். கேட் பதிவேட்டைப் பார்த்தாப் போச்சு.”

பூட்டிய அரங்கத்துக்குள் வெளியாள் வரக் கூடாது. ஒரே ஒரு விலக்கு, முன்பு விளையாட்டுப் பார்க்க வந்து தவறவிட்ட பொருளைத் தேடி வருகிறவர். அவரை ஒரு மணி நேரம் உள்ளே விடலாம். பெயர், வந்த நேரம், தேடும் பொருள், கிடைத்ததா, போன நேரம் என்று ஐந்து கட்டம். விதியை எழுதியவளும் அவள்தான், கட்டம் போட்டவளும் அவள்தான்.

கேட் அண்ணன் விருட்டென்று எழுந்தார். “அது எதுக்குக்கா இப்ப? டீ ஆறிடப் போகுது.”

“எடுத்துட்டு வாங்கண்ணே.”

“கரையான் அரிச்சிருக்குக்கா.”

“நேத்து சாயங்காலம் நான் கையெழுத்துப் போட்டப்ப அரிக்கலையே. ஒரே ராத்திரியிலயா?”

வேறு வழியில்லாமல் போனார். திரும்பி வரும்போது ஏழு பதிவேடுகளை நெஞ்சோடு அணைத்து, மோவாயால் அழுத்திக்கொண்டு வந்தார். அந்த ஏழையும் ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் முத்திரையக்காதான். ஒன்று தீர்ந்ததும் அடுத்ததைக் கொடுத்தாள். பூட்டிய கட்டடத்துக்கு ஏழு பதிவேடு எதற்கு என்பது அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது. மேலே இருந்ததைத் திறந்து குரலெடுத்துப் படித்தாள்.

“ஆறு மணி ஐந்து நிமிடம். குடை. கிடைக்கவில்லை, நாளை வருவார். ஆறு பத்து. குடை. கிடைக்கவில்லை, நாளை வருவார். ஆறு பன்னிரண்டு. குடை. குடை. குடை. மூக்குக் கண்ணாடி…” அவள் குரல் இறங்கியது. “குடை.”

“மொத்தம் எத்தனை குடை?” பொறியாளர் மேஜை ஓரத்தை விட்டு நிமிர்ந்துவிட்டாள்.

“பக்கத்துக்கு இருபத்தஞ்சு வரி. புத்தகத்துக்கு இருநூத்தி நாப்பது பக்கம். ஆறு புத்தகம் நிறைஞ்சாச்சு, ஏழாவது பாதி.” மனக்கணக்கில் அவள் தவறியதே இல்லை. இந்த ஒரு தடவை தவறினால் தேவலை என்று இருந்தது. “முப்பத்தொன்பதாயிரம்.”

“அவ்வளவு குடையைத் தொலைக்க இந்த ஊர்ல மழையே பெய்யலையே!” என்றாள் பொறியாளர்.

கோச் மாஸ்டர் சிரித்த சிரிப்பில் உயர நாற்காலி ஆடியது. முத்திரையக்காவின் காது மடல் சுட்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில், கொஞ்சமும் கோணாமல், அவள் கையெழுத்து. அதன் மேல் அவள் முத்திரை. தினம் சாயங்காலம் கட்டம் எதுவும் காலியாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாளே தவிர, கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அவள் அறையும் வெளிக்கட்டடத்தில், சாலையைப் பார்த்து இருந்தது. பின் கேட் வழியாக யார் போனார், யார் வந்தார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

“யாருண்ணே இவங்கல்லாம்?”

கேட் அண்ணன் பின்மண்டையைச் சொறிந்தார். “மணி பதினொண்ணு ஆகப்போகுதுக்கா. நீங்களே பாருங்களேன்.”

பின் கதவு கிறீச்சிட்டது.

முதலில் வந்தவர்கள் பதினாறு பேர். எதிர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து தைத்துக்கொண்டவர்கள். தினம் நடக்கச் சொல்கிறார் டாக்டர். சாலையிலோ நடைபாதை கிடையாது, வெயிலுக்கும் குறைவில்லை. இங்கே பார்வையாளர் கேலரிக்கு அடியில் வட்டமாக ஒரு நடைவழி, மேடு பள்ளம் இல்லாமல், நெடுகப் பிடித்துக்கொள்ளக் கம்பியோடு. ஆளுக்கு ஆறு சுற்று. மேஜையைக் கடக்கும்போது, ஏதோ கல்யாண வீட்டில் எதிர்ப்பட்டவர்கள் மாதிரி தலையசைத்துவிட்டுப் போனார்கள்.

பின்னாலேயே ஒருவர் தோளில் பெரிய சுருளோடு வந்தார். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவர். அவர் கடையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே போக வேண்டும்.

“கொஞ்சம் அந்த மேஜையைத் தள்ளிக்கிறீங்களா?” என்றார் மேனேஜரைப் பார்த்து. “நாப்பதடி விரிக்கணும்.”

மேனேஜர் தானே ஒரு முனையைப் பிடித்துத் தள்ளினார்.

உச்சிப் படியில் ஒரு டிரம்பெட் முழங்கியது. அதை வாசித்தவர் அஞ்சலகத்தில் தபால் பிரிக்கிறவராம்; வீட்டில் ஊதினால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரை இடிக்கிறாராம். இங்கே அந்தச் சத்தம் கூரையைத் தொட்டுத் திரும்பி வந்தபோது பொறியாளர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். “ஆள் வருமான்னு கேட்டேன். வந்த ஆளுங்க நம்மளையே நகரச் சொல்றாங்க!”

அப்புறம் சைக்கிள்கள் வந்தன. ஐந்து பழைய சைக்கிள், பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். சின்ன வயதில் கற்றுக்கொள்ளாமல் விட்டுவிட்டு, இப்போது தெருவில் விழ வெட்கப்படுகிறவர்கள். அதில் ஒருவர் பஸ் டிரைவர் சீருடையில், முழங்காலில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நேராக மேஜையை நோக்கி வந்தார்.

“என்னங்க!” என்று அலறினாள் முத்திரையக்கா.

சைக்கிள் போய் நடுவர் நாற்காலியில் மோதியது. கோச் மாஸ்டர் மேலே குரங்குப் பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

“நீ எங்க இங்க?” என்று கேட்டார் அவள் வீட்டுக்காரர், தரையில் உட்கார்ந்தபடியே.

“நான் இருபத்தெட்டு வருஷமா இங்கதான் வேலை பார்க்கிறேன். நீங்க எங்க இங்க?”

அவர் கேட் அண்ணனைப் பார்த்தார். கேட் அண்ணன் கூரையைப் பார்த்தார். “குடை தேட வந்தேன்.”

“நம்ம வீட்டுல இருக்கறதே ஒரு குடை. அது என் பையில இருக்கு. நடு ஷிஃப்ட்டுல டிப்போவுல தூங்கறேன்னு சொன்னீங்களே?”

“நாப்பதடி வண்டியை ஒரே ஒடிப்புல சந்துக்குள்ள திருப்புறவன், ரெண்டு சக்கரத்துல ரோட்டுல விழுந்தா என் பாசஞ்சருங்க என்ன நினைப்பாங்க? நீ ரிட்டயர் ஆனதும் உன்னைப் பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போலாம்னு…”

“நல்லாக் கூட்டிட்டுப் போவீங்க. மாஸ்டர் மேலயே ஏத்தியாச்சு.”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வருஷக்கணக்காகப் புறா இறகு மட்டும் விழுந்துகொண்டிருப்பதாக அவள் நினைத்த அரங்கம் திருவிழாத் திடல் மாதிரி இரைந்தது.

பொறியாளர் ஓடி வந்தாள். “இதை எழுதுங்க மேடம். இப்பவே. பதிவேடுகளையும் சேர்த்து அனுப்புங்க.”

மேனேஜர் முத்திரையக்காவை ஓரமாக அழைத்துப் போனார். “நிதானமா யோசிங்க. முப்பத்தொன்பதாயிரம் பொய். ஒவ்வொண்ணுக்கும் கீழ உங்க முத்திரை. விசாரணைன்னு வந்தா அஞ்சு மாசத்துல ரிட்டயர்மெண்டா, இல்லையான்னு ஆயிடும். பதிவேடு வேண்டாம். பொதுவா, மக்கள் வர்றாங்கன்னு எழுதுங்க.”

“பதிவேடு இல்லாட்டி இது பத்தாவது யோசனை சார்,” என்று பின்னாலிருந்து சொன்னாள் பொறியாளர். “காளானோட சேர்ந்துடும்.”

முத்திரையக்கா கேட் அண்ணனிடம் போனாள். “ஏண்ணே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களாக்கா?”

அவள் யோசித்தாள். “மாட்டேன்.”

“முதல்ல வந்தது ஒரே ஒருத்தர்தான். நெஞ்சுல தையலோட, வெயில்ல நிக்க முடியாம கேட்டைப் பிடிச்சுட்டு நின்னாரு. விதியில, தேடி வந்தவரை விடலாம்னுதான் இருந்துச்சு. பார்த்தேன், அவர் கையில குடை இல்ல. சரி, தொலைச்சிருப்பாருன்னு எழுதிட்டேன்.”

“இதை எழுதினா உங்க வேலைக்கு ஆபத்துண்ணே.”

“இடிச்சிட்டா மட்டும் கேட்டுக்கு ஆள் வெப்பாங்களா? கேட்டே இருக்காதே. எழுதுங்கக்கா.”

அவள் போய் மேஜையில் உட்கார்ந்தாள். மேஜை இப்போது தார்ப்பாய்க்கு வழிவிட்டுக் வலைக் கம்பத்தை ஒட்டி நின்றது. எந்தக் கடிதத்துக்கும் மூன்று வரைவு எழுதுகிறவள், அன்று நேராக நல்ல தாளை எடுத்தாள். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. “தார்ப்பாய்னு தெளிவாப் போடுங்கம்மா, பாய்னு போட்டா படுக்கிற பாய்னு நினைச்சுக்குவாங்க.” “ஆறு சுத்து இல்லைம்மா, நான் எட்டு.” “டிரம்பெட்டைக் கடைசியில எழுதுங்க, படிக்கும்போதே பயந்துடப் போறாங்க.” அவள் ஒவ்வொருவரையும் நிறுத்தி, என்ன செய்கிறார், எத்தனை நாளாக, வேறு எங்கே இதைச் செய்ய முடியாது, ஏன் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். கை வலித்தது. நிறுத்தத் தோன்றவில்லை. நடுவில் பொறியாளர் குனிந்து, “ஒரு நாளைக்குச் சுமாரா நாப்பத்தெட்டு பேர்னு போடுங்க மேடம்,” என்றபோது, அந்தச் சுமாரையும் அவள் எழுதிக்கொண்டாள்.

கடைசிப் பத்திக்கு வந்தபோது மட்டும் பேனா நின்றது. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். அவள் எழுதினாள்:

“அரங்கத்துக்கு மாற்று உபயோகம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். அது இரண்டேகால் வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. அறியாதிருந்தவர்கள் அலுவலகத்தில் இருந்த நாங்கள்தான். இணைத்துள்ள பதிவேடுகளில் குடை என்று இருக்கும் இடத்திலெல்லாம் மேற்சொன்ன காரியங்களில் ஒன்று என்று கொள்ளவும். காவலர் அப்படி எழுதியது நான் வகுத்த விதியில் வேறு காரணத்துக்கு இடமில்லாததால். ஒவ்வொரு பக்கத்தையும் படிக்காமல் கையெழுத்திட்டது நான். அதற்கு விளக்கம் கேட்டால் தருவேன். ஆனால் எண்ணிக்கையில் பிழை இல்லை.”

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். மேனேஜர் பெருமூச்சு விட்டார். விட்டவர், பேனாவை வாங்கித் தானும் பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போட்டார்.

மணி இரண்டு இருபது. “கொண்டு போறீங்களா?” என்று பொறியாளரிடம் கேட்டாள்.

“என் கையில கொடுத்தா நானே எழுதி எடுத்துட்டு வந்தேன்னு சொல்லுவாங்க. உள்வரவுப் பிரிவுல சேர்த்து ரசீது வாங்கணும். நாலு மணிக்குள்ள.”

“என் ரெண்டரை மணி ட்ரிப் மாநகராட்சி வாசல்லதான் நிக்கும்,” என்றார் அவள் வீட்டுக்காரர், முழங்கால் கைக்குட்டையை அவிழ்த்தபடி.

“சைக்கிள்லயா?” என்று கேட்டார் கோச் மாஸ்டர், ஒரு அடி பின்வாங்கி.

“பஸ்ல மாஸ்டர். பஸ்ல எனக்குக் கை நடுங்காது.”

பதிவேடு ஏழையும் கேட் அண்ணன் சுமந்துபோய் வாசலில் நின்ற பஸ்ஸின் எஞ்சின் மூடி மேல் அடுக்கினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு பதினாறு பேரும், தார்ப்பாய்க்காரரும், சைக்கிள்காரர்களும் வாசல்வரை வந்துவிட்டார்கள். உள்ளேயிருந்து டிரம்பெட் எதையோ வேகமாக வாசித்தது. முத்திரையக்கா கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் விட்டாள். மடிப்பில் பசை தடவினாள், கட்டை விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீவினாள். ஸ்டாம்ப் பேடைக் கேட் அண்ணன் நீட்ட, ஒட்டிய இடத்துக்கு நடுவே முத்திரையைக் குத்தினாள். மை காயும்வரை ஊதினாள். அப்புறம் டிரைவர் ஜன்னல் வழியாக நீட்டினாள்.

“ரசீது வாங்காம வந்தீங்கன்னா வீட்டுக்குள்ள விடமாட்டேன்.”

“சரிம்மா,” என்று உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு, அவர் ஹாரனை அழுத்தினார். பஸ் ஒரே ஒடிப்பில் திரும்பிச் சாலையில் இறங்கியது.