தேயாத செயின்

என் தம்பியின் சைக்கிள் செயின் தேயவில்லை. மூன்று மாதமாக எனக்கு அதுதான் யோசனை.

நான் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தம்பி பல் டாக்டர். ஊரார் பல்லையெல்லாம் குடைகிறவன், தன் சைக்கிளில் ஒரு திருகைக்கூடத் தொடமாட்டான். திங்கட்கிழமை காலையில் என் கடை வாசலில் கொண்டுவந்து சாத்திவிட்டு, "நேத்து செம ரைடுக்கா" என்று கொஞ்ச நேரம் அளந்துவிட்டுத்தான் போவான். அவனுடையது கிராவல் சைக்கிள். தார் ரோட்டிலும் ஓடும், சரளைக்கல் பாதையிலும் ஓடும், டயர் அதற்கேற்ற தடிமன்.

ஞாயிறுதோறும் ஒரே வழிதான். வயல்களுக்கு நடுவே போகும் சந்துகளில் கிளம்புவான், மதகு வந்ததும் கால்வாய்க் கரையைப் பிடித்து அணைவரை போய்த் திரும்புவான். போனில் உள்ள ஆப் அதை வரைபடத்தில் கோடு போட்டு, எனக்கும் வெளியூரில் படிக்கும் அவன் மகளுக்கும் காட்டும்; பிடித்திருந்தால் கீழே ஒரு கைதட்டல் போடலாம். அத்தனை தூரம் மண்ணிலும் தூசியிலும் ஓடிய செயின் இந்நேரம் இளகித் தொங்கியிருக்க வேண்டும். தேய்மானம் பார்க்கும் கருவியை வைத்தால் அது உள்ளேயே இறங்கவில்லை. ஏதோ கடைத்தெருவுக்குப் போய்வந்த செயின் மாதிரி இருந்தது.

கேட்டேன். "நீ எண்ணெய் போடுற அழகு அப்படிக்கா" என்று எனக்கே ஐஸ் வைத்தான்.

ஐஸ் வைத்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். அன்று மாலையே அவன் பதிவுகளை என் போனில் திறந்து, வேகக் கணக்கைப் பார்த்தேன். சந்துகளில் வேகம் ஏறி இறங்கியது, மனிதன் மிதித்தால் அப்படித்தான் இருக்கும். கால்வாய் வந்ததும் இஸ்திரி போட்ட மாதிரி ஒரே வேகம். மெதுவாக, எங்கும் நிற்காமல், மூச்சுகூட வாங்காமல். நானும் சின்ன வயதிலிருந்து மிதிக்கிறேன், அப்படி மிதிக்கிற ஆளை இன்னும் பார்த்ததில்லை.

"இந்த ஞாயித்துக்கிழமை நானும் வரேன்" என்றேன்.

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "ரொம்ப தூரம்க்கா. உனக்கு முட்டி வலிக்கும்."

"என் முட்டியை நான் பாத்துக்கறேன். நீ உன் செயினைப் பாரு."

எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அவன் மகள் வாலு, வெளியூரில் விடுதியில் தங்கிப் படிப்பவள், அடுத்த வாரம் விடுமுறைக்கு வருகிறாள். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று அப்பா கேட்டதற்கு, "உங்ககூட அந்தக் கால்வாய் ரைடு" என்றாளாம். அதை என்னிடம் சொன்னபோது இவன் சிரித்த சிரிப்பு சரியாகவே இல்லை.

வசந்தம் வந்துவிட்ட ஞாயிறு அது. வேலி முழுக்க வெள்ளைப் பூ, ஈரமண் வாசனை, சந்துத் திருப்பங்களில் இன்னும் வற்றாத குட்டைகள். தம்பி குட்டைகளுக்குள்ளேயே விட்டு அடித்தான். சரளையில் பின்சக்கரம் வழுக்கும்போது இடுப்பை அசைத்தே சமாளித்தான். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. இப்படி ஓட்டுகிறவனையா சந்தேகப்பட்டோம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

மதகு தெரிந்ததும் ஆள் மாறிவிட்டான். டயரில் காற்று குறைவு என்று நின்றான். அமுக்கிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. பிறகு பிரேக் உரசுகிறது என்றான். உரசவில்லை. "நீ முன்னாடி போக்கா, நான் தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்றான். பாட்டில் காலி.

அதற்குள் மதகடியில் கட்டியிருந்த படகிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார். படகு நிறையப் பூச்செடித் தொட்டிகள். அணைப் பக்கத்துச் சந்தைக்கு எடுத்துப் போகிறவர்.

"என்ன டாக்டரே, இன்னிக்கு லேட்டு. சைக்கிளைக் குடுங்க, ஏத்திக்கலாம். நடுவுல உங்க இடம் காலியாத்தான் இருக்கு."

தம்பி தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். ஞாயிறுதோறும் போக வரப் படகுச் சவாரி, திங்கள்தோறும் என்னிடம் வீரப்பிரதாபம். ஆனால் அவன் கை ஹாண்டில்பாரை விடாமல் பிடித்திருந்தது, விரல்கள் வெளுத்திருந்தன. கோபத்தை விழுங்கிவிட்டு, "உக்காரு" என்றேன். மதகுக் கல்லில் உட்கார்ந்தோம்.

"குளிர்காலத்துல ஒருநாள் விழுந்துட்டேன்க்கா. சைக்கிளோட, உள்ள."

"அப்புறம்?"

"ஷூ பெடல்லயே மாட்டிக்கிச்சு."

இந்த வகை ஷூவுக்கு அடியில் ஒரு கொக்கி உண்டு, பெடலைக் கவ்விக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். பழகியவனுக்குக் கண் சிமிட்டும் நேர வேலை.

"திருப்பணும்னு தோணவே இல்ல. மேல மேல இழுத்தேன். எப்படிக் கழண்டுச்சுன்னு இன்னும் தெரியல. எழுந்து நின்னா நெஞ்சளவு தண்ணிக்கா. நெஞ்சளவு. அதுக்குள்ள செத்துட்டேன்னு நினைச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ வாலுகிட்ட சொல்லிடுவ."

"சொல்லுவேன்தான்."

"அவங்கம்மா தவறிப்போனப்ப நான் கட்டிலை விட்டு எழுந்திருக்காம கிடந்தது அவளுக்கு மறக்கல. ஞாயித்துக்கிழமை கோடு வந்தாத்தான் அப்பா நல்லா இருக்காருன்னு நிம்மதியா படிக்கிறா. உடனே ஒரு கைதட்டல் போடுவா. அதை எப்படிக்கா நிறுத்தறது?"

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கத் திருகுசாவியை எடுத்து அவன் பெடல் முன்னால் குந்திக்கொண்டேன். கொக்கியின் ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்தினேன். "இப்ப காலை அசைச்சாலே கழண்டுடும். மாட்டிக் கழட்டிப் பாரு." பார்த்தான். திரும்பத் திரும்ப, எனக்கே சலிப்பு வரும்வரை பார்த்தான்.

"வா, நான் தண்ணிப் பக்கமா வரேன்."

"உனக்கு நீச்சல் தெரியாதேக்கா."

"நெஞ்சளவு தண்ணிக்கு எதுக்கு நீச்சல்? எழுந்து நிப்பேன்."

வாய்தான் அப்படிச் சொன்னது, கை என் பிரேக்கை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துக்கொண்டது. இரண்டு சைக்கிள் ஒட்டிப் போக மட்டுமே அகலமுள்ள பாதை, என் இடப்பக்கம் பச்சைத் தண்ணீர். தம்பி என் முன்சக்கரத்தை மட்டும் பார்த்து ஓட்டினான். சின்னச் சரிவு வந்தால் நின்றான், இறங்கித் தள்ளினான், மறுபடி ஏறினான். செடிப் படகு எங்களை நிதானமாக முந்திப் போனது. படகுக்கார அம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு வாத்துக் கூட்டம் வழியை மறித்தபோது நாங்கள் இருவருமே இறங்கிவிட்டோம், அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

பசி கண்ணைக் கட்டும் நேரத்தில் அணை வந்தது. தம்பி புல்லில் மல்லாந்து விழுந்தான். பிறகு போனை எடுத்துப் பதிவை நிறுத்தினான். கோடு போய்ச் சேர்ந்திருக்கும், கைதட்டல் வரவில்லை. மெதுவாக ஓட்டியதைப் பார்த்துப் பயந்துவிட்டாளோ என்று அவனுக்குப் பதற்றம். போனையே வைத்தகண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். செய்தி வந்தது. படித்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

"அப்பா, இன்னிக்குக் கோடு கரைமேல இருக்கு. இத்தனை வாரமா தண்ணி நடுவுலதான் இருந்துச்சு."

பழைய பதிவு ஒன்றைத் திறந்து வரைபடத்தை விரலால் பெரிதாக்கினேன். நீலத்தில் கால்வாய், அதன் நட்டநடுவில் சிவப்புக் கோடு. செயினை அளந்தேன், வேகத்தைப் பார்த்தேன், இதைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. போட்டவனுக்கும் தோன்றவில்லை. அதன் கீழே அவளுடைய கைதட்டல் இருந்தது. அதற்கு முந்தைய வாரத்திலும் இருந்தது.

"தெரிஞ்சுகிட்டே தட்டியிருக்காக்கா" என்றான் தம்பி. கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான், முகமெல்லாம் சேறானது.

சந்தைத் துறையில் படகுக்கார அம்மாள் காலித் தொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "திரும்பிப் போகவாவது ஏறுறீங்களா, டாக்டரே?"

"இல்லம்மா. அக்கா செயின் தேயலன்னு கவலைப்படுது."

சைக்கிளில் ஏறினோம். நான் தண்ணீர்ப் பக்கம் ஒதுங்கப் போனேன். "உனக்கு நீச்சல் தெரியாது, உள்ள வா" என்று சொல்லி அவன் அந்தப் பக்கம் போய்விட்டான்.