நபர்கள்: இரண்டு

ஏழாம் எண் அறையின் சாவியைக் கொக்கியிலிருந்து எடுத்து தமிழ்செல்வி நீட்டினாள். மேசைக்கு எதிரே நின்றிருந்த தம்பதி அரக்கோணத்துக்காரர்கள். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தால் இந்த லாட்ஜைத் தவிர வேறெங்கும் தங்காதவர்கள். அந்த மனிதர் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல அவளுக்குப் பின்னாலிருந்த கதவைப் பார்த்தார்.

"ஓனர் இல்லீங்களா?"

"தூங்கறாருங்க. ராத்திரி சரியா தூக்கமில்ல."

இரண்டாவது வாக்கியம் பொய்யல்ல. இரவு முழுவதும் அறிவுச்செல்வன் நெஞ்சைத் தடவியபடி எழுவதும் படுப்பதுமாக இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் பௌர்ணமி முடியட்டும் என்றான். திருமண வாழ்க்கையில் அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் அவனிடமிருந்த பதில் அதுதான். விடிவதற்குச் சற்று முன் அவன் மூச்சு நின்றது. அடுத்த தெரு டாக்டர் லுங்கியோடு வந்து, கையைப் பிடித்துப் பார்த்து, தலையசைத்துவிட்டுப் போனார்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து அவன் தம்பி முருகையன் மனைவி கஸ்தூரியோடு பைக்கில் வந்து இறங்கியபோது, முதல் விருந்தினர்கள் வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி ஒப்பாரிக்கு வாயைத் திறக்குமுன் முருகையன் அவள் கையை அழுத்திப் பிடித்தான். உள்ளறையில் அண்ணனின் காலருகே நெடுநேரம் நின்றவன், திரும்பியபோது முடிவெடுத்திருந்தான்.

"சாவு விழுந்த எடத்துல எவன் அண்ணி தங்குவான்? விரதம் இருந்து மலை சுத்த வர்றவங்க. ஒருத்தன் எறங்கிப் போனா போதும், மொத்த மாடியும் காலி. அப்பறம் வருசக்கணக்கா அதையே பேசுவான். அண்ணன் இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாரு."

அது உண்மை என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

இரண்டு பெரிய கட்டடங்களுக்கு நடுவே நெருக்கிச் செருகப்பட்ட லாட்ஜ் அது. மாடிப்படிகள் வரவேற்பறைக்குள்தான் இறங்கும். அவர்கள் குடியிருந்த உள்ளறையின் ஒரே கதவு மேசைக்குப் பின்னால் திறக்கும். ஒரே ஜன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்திருக்கும். உயிரோடிருப்பவர் ஆனாலும் இல்லாதவர் ஆனாலும், அந்த அறையிலிருந்து தெருவுக்குப் போக வரவேற்பறையைக் கடந்தாக வேண்டும். ஆகவே ஏற்பாடு இப்படி அமைந்தது: மாலையில் விருந்தினர்கள் ஒவ்வொருவராகச் சாவியைக் கொடுத்துவிட்டு மலை சுற்றக் கிளம்புவார்கள். கடைசிச் சாவி கொக்கியில் ஏறியதும், சந்துமுனையில் நிற்கும் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும். கீழ்பென்னாத்தூர் வீட்டில் இறக்கிய பிறகு அழுதுகொள்ளலாம். லாட்ஜை ரூம் வேலை பார்க்கும் மணி பார்த்துக்கொள்வார்.

உள்ளே ஏசியை முடிந்தமட்டும் குறைத்துவைத்து, குளிர் வெளியேறாதபடி கதவின் அடியில் ஈரத் துண்டைச் செருகினார்கள். கஸ்தூரி சாம்பிராணி போட்டாள். சாம்பிராணி வாசனைக்கு இந்த ஊரில் யாரும் காரணம் கேட்பதில்லை. பிறகு அவள் மல்லிகைச் சரத்தோடு வந்து தமிழ்செல்வியின் பின்னால் நின்றாள்.

"வெச்சுக்கங்கக்கா. தெனம் வெக்கறவங்க. இல்லாம பாத்தா கேப்பாங்க."

நாளை இதே தலையில் எல்லோரும் கூடிப் பூ வைத்து, பிறகு எல்லோரும் கூடி எடுப்பார்கள். தமிழ்செல்வி தலையைச் சற்றே சாய்த்துக் கொடுத்தாள்.

மேசைக்கு உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரு கீல் பலகை உண்டு. தூக்கி நுழைந்து இறக்க வேண்டும். கைவிட்டால் அது வெடி போட்டதுபோல் விழும். பகலில் அறிவுச்செல்வன் உள்ளறையில் கண்ணயர்வான் என்பதால், அதை விரல்களில் தாங்கி ஓசையின்றி இறக்குவது அவளுக்கு மூச்சுவிடுவதைப் போலப் பழகிவிட்டிருந்தது. இன்றும் அப்படித்தான் இறக்கினாள்.

நண்பகலில் அவன் கைபேசி அதிர்ந்தது. லாட்ஜுக்கென்று இருந்த எண் அவனுடையதுதான். காலையிலிருந்து அறை கேட்டு அழைத்தவர்களுக்கெல்லாம் அதில் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இது அழைப்பல்ல, செய்தி. கொடைக்கானல் ரிசார்ட்டில் அவர்கள் காத்திருப்பில் வைத்திருந்த அறை உறுதியாகியிருக்கிறது. இன்று மாலை ஆறு மணிக்குள் ஏற்காவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குச் செல்லும்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு வாசலில் நின்ற திண்டிவனத்துக் குடும்பத்துக்கு நான்காம் எண் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

மகள் எழில் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் வந்து சேர்ந்தது அந்த ரிசார்ட் சங்கதி. வேலூரில் ஒரு துணிக்கடையில் கூப்பனை நிரப்பிப் போட்டதற்குப் பரிசு விழுந்திருப்பதாக அழைத்து, ஒரு ஹோட்டல் ஹாலில் உட்காரவைத்து மலைவாசஸ்தலங்களின் படங்களைக் காட்டினார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு உறுப்பினர்; வருடத்தில் ஒரு வாரம் எந்த மலையிலும் உங்களுக்கென்று ஓர் அறை. வாழ்நாளெல்லாம் பிறருக்கு அறை கொடுத்தவன் தனக்கென்று ஓர் அறை என்ற சொல்லில் மயங்கிக் கையெழுத்துப் போட்டான். எந்த வாரம் என்பதை அந்தக் கம்பெனிதான் தீர்மானிக்கும் என்பது பிறகே தெரிந்தது. உறுப்பினர் அட்டைகளுக்கு நிறங்கள் இருந்தன. கோடைக்கும் பண்டிகைக்கும் உரிய உயர்ந்த நிறத்து அட்டைக்காரர்கள் முன்னால் போவார்கள். இவர்களுடைய வெள்ளை அட்டைக்கு மிஞ்சியதே கிடைக்கும். அதுவும் இல்லாதபோது காத்திருப்பு வரிசை. யாராவது ரத்து செய்தால் வரிசை ஒரு படி நகரும்.

வரிசைகளைப் பற்றித் தனக்குத் தெரியாததில்லை என்று அறிவுச்செல்வன் நம்பினான். பௌர்ணமி அறைக்குக் காத்திருப்போரின் வரிசை அவன் மண்டைக்குள்ளேயே இருந்தது. ஓர் அறை காலியானால் முதலில் இருப்பவரை அழைப்பான். அவருக்கு இம்முறை தோதுப்படாவிட்டால் அடுத்தவருக்குக் கொடுப்பான்; ஆனால் அடுத்த பௌர்ணமிக்கு மறக்காமல் அவரையே முதலில் அழைப்பான். மனிதர்களின் வரிசை அப்படித்தான் நடக்கும்.

ஒரே ஒரு முறை கொடைக்கானல் வந்தது. தமிழ்செல்வி ஸ்வெட்டர்கூட வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் சேலத்து பஜனைக் கோஷ்டி ஒன்று மாடி முழுவதையும் அந்த வாரத்துக்கே கேட்டது. அவன் அவள் எதிரிலேயே 'வேண்டாம்' என்பதை அழுத்தினான்.

"வுடு. அடுத்த வாட்டி நம்மளத்தான் மொதல்ல கூப்புடுவான்."

கூப்பிடவில்லை. மறுத்தவரை அந்த வரிசை கடைசிக்குத் தள்ளிவிடும் என்பதை எழில்தான் பிறகு கண்டுபிடித்துச் சொன்னாள். அதன்பின் அவன் அதைத் தொடவேயில்லை. தமிழ்செல்வி மகளிடம் கற்றுக்கொண்டு, இரண்டு பௌர்ணமிகளுக்கு இடையே வரும் நாட்களாகப் பார்த்துத் தானே காத்திருப்பில் பெயர் போட்டுக்கொண்டு வந்தாள். மலையைப் பார்க்கும் ஆசையென்று அவன் கேலி செய்வான். வாசலுக்குப் போனா மலைதான இருக்குது, அது போதலியா என்பான். அவளுக்கு வேண்டியது மலையல்ல. பேறுகாலத்து ஆஸ்பத்திரிக் கட்டிலைத் தவிர, வேறொருவர் விரித்த படுக்கையில் அவள் இதுவரை படுத்ததில்லை.

செய்தியில் இருந்த தேதியைக் கணக்கிட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்திருக்கும். அடுத்த பௌர்ணமி வந்திருக்காது.

எழில் அழைத்தாள். ஓசூரிலிருந்து வந்த பேருந்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜனக்கூட்டத்தில் நடந்து வரப் பார்க்கிறாள். நேராகக் கீழ்பென்னாத்தூருக்குப் போய்விடச் சொன்னாள் தமிழ்செல்வி. தெருவின் இரைச்சலுக்கு மேலாக எழில் கேட்டாள்.

"ம்மா, நீ அழுதியா?"

"ஆளுங்க வந்துனு இருக்காங்கடி."

கைபேசியைக் கீழே வைத்தபோது செய்தி மறுபடி திரையில் வந்து நின்றது. கஸ்தூரி பார்த்துவிட்டாள்.

"என்னக்கா அது?"

"கொடைக்கானல்ல ரூம் கெடச்சிருக்குதாம்."

கஸ்தூரி உள்ளறைக் கதவைப் பார்த்தாள். "இன்னிக்கா?" என்றாள். பிறகு குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு, "பதில் சொல்லாம வுட்டுடுங்கக்கா. தானா போயிடுமில்ல?"

"போயிடும். அடுத்தவங்களுக்கு."

அந்த அடுத்தவளைத் தமிழ்செல்வி அவ்வப்போது நினைத்துக்கொள்வதுண்டு. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு மேசைக்குப் பின்னால்.

பிற்பகலில் முருகையன் ஆம்புலன்ஸ் டிரைவரிடம் பேசிவிட்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன. சுவரின் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான். அண்ணி எதற்கும் கவலைப்பட வேண்டாம், வெளிவேலையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

"காரியம் முடிஞ்சதும் நீங்க கௌண்டருக்கு வந்துட்டா போதும். பார்ட்டிங்களுக்கு உங்க மூஞ்சிதான தெரியும். ஒரு நாளு கூட இது சாத்தியிருக்கக் கூடாது அண்ணி. சாத்தினா கத முடிஞ்சுது."

அவன் அன்பினால்தான் சொன்னான். அவள் தலையசைத்தாள். எதிரே சாவிப் பலகையின் கொக்கிகள் எல்லாம் வெறுமையாக, ஒன்றையொன்று பார்த்தபடி வளைந்திருந்தன.

வெயில் தணியத் தொடங்கியதும் மாடியில் கதவுகள் திறந்தன. விபூதியும் ஈரக்கூந்தலுமாக இறங்கி வந்தார்கள். ஒவ்வொரு சாவியாக மேசைமேல் வந்தது. ஒவ்வொன்றையும் அவள் அதன் கொக்கியில் மாட்டினாள். ஓனருக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வதாக ஒரு பெரியவர் சொன்னார். அரக்கோணத்துக்காரர் மட்டும் சாவியில்லாமல் இறங்கினார். மனைவிக்குக் கால் வீங்கிவிட்டதாகவும் அவள் அறையிலேயே படுத்திருப்பாள் என்றும் சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கலந்தார்.

பலகையில் ஒரு கொக்கி மட்டும் காலியாக நின்றது.

முருகையன் வாசலுக்கும் படிக்கும் நடந்தான். டிரைவர் இரண்டு தடவை அழைத்துவிட்டான். இன்னும் சற்று நேரத்தில் போலீசார் அந்தப் பக்கத்தையும் அடைத்துவிடுவார்கள், பிறகு காலைவரை ஒரு சக்கரமும் நகராது. மேலே போய் ஏதாவது சொல்லி அனுப்பிவிடுகிறேன் என்று அவன் படியில் கால் வைத்தபோது, ஏழாம் எண் அம்மாள் சுவரைப் பிடித்தபடி தானே இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"கொஞ்சம் வெந்நீ கெடைக்குமாம்மா? கால வெச்சுனு ஒக்காரணும்."

கொண்டு வரச் சொல்வதாகத் தமிழ்செல்வி சொன்னாள். அந்த அம்மாள் நாற்காலியில் அமர்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அவள் பார்வை கதவின் அடியிலிருந்த ஈரத் துண்டில் தங்கியது. பிறகு மூலையில் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்ற கஸ்தூரியிடம் போயிற்று. பிறகு தமிழ்செல்வியின் தலைப்பூவுக்கு வந்தது. அவள் கை காலைப் பிடித்துவிடுவதை நிறுத்தியது. வெளியே தெருவில் நடப்பவர்களின் பாதங்கள் மழைபோல ஓயாமல் ஒலித்தன.

"எப்பம்மா?"

முருகையன் ஏதோ சொல்ல வந்தான். தமிழ்செல்வி முந்திக்கொண்டாள்.

"விடியறதுக்கு முன்ன."

அந்த அம்மாள் எழுந்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து மேசைமேல் சத்தமில்லாமல் வைத்தாள்.

"எதிர டீக்கடையில ஒக்காந்துக்கறேன். எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லாதீங்க. அவுரு பயந்த மனுசன்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நொண்டி நொண்டிக் கூட்டத்துக்குள் இறங்கினாள். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் அதைச் சொல்லக் கூடாது. காலையிலிருந்து இந்தக் கட்டடத்திலிருந்து அப்படிச் சொல்லாமல் போன முதல் ஆள் அவள்தான்.

ஏழாம் எண் சாவி கொக்கியில் ஏறியது.

எல்லாம் விரைவாக நடந்தது. மணியும் டிரைவரும் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே போனார்கள். கதவு திறந்தபோது அறைக்குள் அடைந்திருந்த குளிர் அவள் முழங்காலில் வந்து மோதியது. வெள்ளைத் துணி போர்த்திய உடல் அவளை உரசியபடி கீல் பலகையின் இடைவெளி வழியாக வெளியே சென்றது. மணி ஒரு கையால் பலகையைப் பழக்கம் மாறாமல் மெல்ல இறக்கிவிட்டுப் போனார். கஸ்தூரி பின்னாலேயே ஓடினாள்.

தமிழ்செல்வி மேசைக்கு உள்ளேயே நின்றிருந்தாள். முருகையன் வாசலிலிருந்து கூப்பிட்டான்.

"அண்ணி, வந்து ஏறுங்க. ரோடு அடைக்கறாங்க. ஃபோன மணிகிட்ட குடுத்துடுங்க, பார்ட்டி கூப்புடுவான்."

"இருங்க."

அவன் இருந்தான். அவள் அவனை இப்படி ஒரு சொல்லில் நிறுத்தியது அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

ஆறு மணியாக இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. திரையில் செய்தியைத் தொட்டாள். தேதி, அறை, ஊர் எல்லாம் வரிசையாக விரிந்தன. கடைசியில் நபர்கள் என்று இருந்தது. அதற்கு எதிரே இரண்டு. இரண்டின் ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் கழித்தல் குறி. அவள் கட்டைவிரல் அதன்மேல் நெடுநேரம் நின்றது. பிறகு கழித்தல் குறியை ஒரு முறை தொட்டாள். ஏற்கிறேன் என்பதை அழுத்தினாள். வட்டம் ஒன்று சுற்றிச் சுற்றி நின்றது.

உள்ளே திரும்பி வந்திருந்த மணியிடம் கைபேசியை மேசைக்கு மேலாக நீட்டினாள். அவர் வாங்கிய நொடியிலேயே அது ஒலித்தது; யாரோ அறை கேட்டார்கள். மணி அவளைப் பார்த்தார். அவள் சாவிப் பலகையைப் பார்த்தாள். எல்லாச் சாவிகளும் இருந்தன.

கீல் பலகையைத் தூக்கி வெளியே வந்தாள். அதைத் தாங்கக் கை பின்னால் போகவில்லை. அந்த வெடிச்சத்தம் மாடிவரை போய்த் திரும்பி வந்தது.