ஜாமீன் நின்றவள்

கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையில் கிளம்பிய அம்மாவை, ஒன்பதரை மணிக்கு ஆயர் குரோ நீதிமன்றத்தின் இரண்டாம் மாடியில், அண்ணனுடைய வக்கீலுக்குப் பக்கத்தில் பார்த்தான் சுகுமாரன். தீபாவளிக்கு அவன் எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டியிருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே அடையாள அட்டையின் நகலும் வங்கிப் புத்தகமும் வெளியிலிருந்தே தெரிந்தன. சிம்பாங் அம்பாட் வீட்டிலிருந்து அவனோடு காரிலேயே வந்திருக்கலாம். கிராப் வாடகைக் கார் பிடித்து வந்திருக்கிறாள். கிளினிக்குக்குப் போக வசதியாக இருக்கட்டும் என்று போன மாதம் அவன்தான் அவளுடைய கைபேசியில் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்து, எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று நான்கு தடவை சொல்லிக் கொடுத்திருந்தான்.

அம்மாவும் அவனைப் பார்த்தாள். எழுந்து வரவில்லை. ஃபைலைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வக்கீல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யாருக்கு ஜாமீன் நிற்க வந்திருக்கிறாள் என்று கேட்க வேண்டியதில்லை. பதினோரு நாளைக்கு முன்பு, உரம் வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்த சுகுமாரனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒரு வேன் மறித்தது. இரண்டு பேர் இறங்கித் தலையில் சாக்கைப் போட்டு உள்ளே தள்ளினார்கள். சாக்கை எடுத்தபோது செர்காம் கடலோரத்தில் வலை போட்டு வைக்கும் ஒரு பலகைக் கொட்டகையில் இருந்தான். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன் திவாகர். அப்பா தன் கடைசிக் காலத்தில் வாங்கிய ஒன்றரை ஏக்கர் செம்பனை நிலம் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. புது ரோடு வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து விற்க வேண்டும் என்று அண்ணன் நின்றான். பன்னிரண்டு வருஷமாக உரம் போட்டு, குலை வெட்டி, மட்டை கழித்தவன் சுகுமாரன். அவன் மாட்டேன் என்றான். கொட்டகையில் இரண்டு நாள் வைத்திருந்தும் மாட்டேன் என்றுதான் சொன்னான். முதல் நாள் அண்ணனே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்து பிரித்துக் கொடுத்தான். இரண்டாம் நாள் அவனுடைய ஆட்கள் அடித்தபோது எழுந்து வெளியே போய்விட்டான். சுகுமாரனின் மனைவி தேவிஸ்ரீ கொடுத்த புகாரை வைத்து போலீஸ் வந்தபோது அந்த இரண்டு பேரும் ஓடிவிட, அண்ணன் மட்டும் ஓடாமல் உட்கார்ந்திருந்தான்.

அதெல்லாம்கூட ஆறிவிடும் என்று சுகுமாரன் நினைத்திருந்தான். ஆறாதது வேறொன்று. உதடு கிழிந்து, மணிக்கட்டில் கயிற்றுத் தடத்தோடு போலீஸ் காரிலிருந்து வீட்டு வாசலில் இறங்கியபோது அம்மா ஓடி வந்தாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். பிறகு அவன் தோளுக்குப் பின்னால், காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணன் எங்கடா?"

இந்த ஆத்திரம் புதிதில்லை என்று அவனுக்கே தெரியும். அண்ணன் சிங்கப்பூர் வேலைக்குப் போய் எட்டு வருஷம் ஒரு தடவைகூட வராமல் இருந்தபோதும், மீன் குழம்பு வைக்கும் நாளில் தலையை எடுத்து வைத்துவிட்டு, யாரும் வரமாட்டார்கள் என்று தெளிந்த பிறகுதான் அதை இவன் தட்டில் போடுவாள். அம்மாவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தபோது பதினேழு நாள் தூக்கிக் குளிக்க வைத்தவன் இவன். பதினெட்டாம் நாள் அண்ணன் வீடியோ காலில் வந்து, "எப்படிம்மா இருக்கே, நடக்கிறியா?" என்று கேட்டான். அன்றைக்குத்தான் அவள் கட்டிலிலிருந்து எழுந்து நாலு அடி வைத்தாள். தாதியிடம் கைபேசியைக் காட்டி, "என் பெரிய மவன்" என்று சிரித்தாள். சுகுமாரன் அப்போது அவளுடைய பழைய துணிகளை நீலப் பையில் அடைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயதில் இதற்கெல்லாம் மனம் வெந்துபோவது வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டாலும் வெந்தது.

மாடிப்படிக் கதவு திறந்தது. லொக்காப் என்ற காவல் அறையின் ஊதா நிறச் சட்டையில், விலங்கோடு திவாகரை அழைத்து வந்தார்கள். இளைத்திருந்தான். அம்மா முட்டி வலிக்கும் என்பதையே மறந்தவள்போல எழுந்து போனாள். போலீஸ்காரர் தடுக்கவில்லை. அவன் கன்னத்தில் கை வைத்து, "பசியாறுனியாப்பா?" என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தாள். அந்த வராந்தாவில் அப்போது குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் நெற்றியில் வியர்வையே இல்லை.

"சுகுமாரன்? ஒரு நிமிஷம் வாங்க." அரசுத் தரப்பு வழக்கறிஞர் ராகினி கூப்பிட்டார். அவனைவிட வயதில் இளையவர். கையில் பத்துப் பன்னிரண்டு கோப்புகள். ஜன்னல் பக்கம் அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். "இன்னிக்கு அவரு குத்தத்த ஒத்துக்கமாட்டாரு. லாயர் ஜாமீன் கேப்பாரு. முன்ன கேஸ் ஒண்ணும் இல்ல, ஓடவும் இல்ல. அம்மாவே ஜாமீன் நிக்கிறாங்க. நான் ஸ்ட்ராங்கா அப்ஜெக்ட் பண்ணணும்னா எனக்கு ஏதாச்சும் வேணும். அரெஸ்டுக்கு அப்புறம் அவங்க பக்கத்துலருந்து யாராச்சும் உங்கள மிரட்டுனாங்களா? போன், மெசேஜ், எதுனாலும்?"

யாரும் மிரட்டவில்லை. இல்லை மிஸ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ராகினியின் தோளுக்கு மேல் அம்மா தெரிந்தாள். அண்ணனின் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டிருந்தாள். லொக்காப் சட்டையின் காலரை.

"ஒரு போன் வந்துச்சி மிஸ்," என்றான். "முந்தா நாளு. கேஸ வாபஸ் வாங்கு, வீட்டுல பொம்பளப் பிள்ள இருக்கு, ஸ்கூலுக்குப் போற பிள்ளன்னு சொன்னாங்க."

"நம்பர் இருக்கா?"

"பயத்துல அழிச்சிட்டேன்."

"ஏன் போலீஸ் பாலாய்ல ரிப்போர்ட் பண்ணல?"

"பயந்தான் மிஸ்."

ராகினி கோப்பின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடிக்கும்வரை சுகுமாரனுக்குச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள நேரம் இருந்தது.

வழக்கு பதினொன்றே காலுக்கு வந்தது. குற்றச்சாட்டைப் படித்தார்கள். திவாகர் விசாரணை கோரினான். ராகினி எழுந்து ஜாமீன் கூடாது என்றார். இரண்டு பேர் இன்னும் பிடிபடவில்லை, பாதிக்கப்பட்டவரின் குழந்தையைச் சொல்லி மிரட்டல் வந்திருக்கிறது என்று அவர் சொன்னபோது பெஞ்சில் அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். பக்கத்தில் யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, முகம் வெளுத்தது. கூண்டிலிருந்து அண்ணன் சுகுமாரனைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். அப்படியா நடந்தது என்று கேட்பதுபோலப் பார்த்தான்.

மாஜிஸ்திரேட் ஜாமீனை மறுக்கவில்லை. எட்டாயிரம் ரிங்கிட், ஒரு ஜாமீன்தாரர், பாஸ்போர்ட் ஒப்படைக்க வேண்டும், மாதம் ஒரு தடவை காவல் நிலையத்தில் கையெழுத்து. இதோடு முடிந்திருக்கும். மிரட்டல் என்று சொல்லப்பட்டதால் அவர் இரண்டு நிபந்தனைகளைக் கூடுதலாகச் சேர்த்தார். பாதிக்கப்பட்டவர் இருக்கும் வீட்டுப் பக்கம் குற்றம் சாட்டப்பட்டவர் போகக் கூடாது; எந்த வகையிலும் தொடர்பு கூடாது. வழக்கு முடியும்வரை அவர் ஜாமீன்தாரருடனேயே, ஒரே முகவரியில் தங்க வேண்டும். பிறகு அம்மாவின் தாளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து, ஜாமீன்தாரரின் முகவரியும் பாதிக்கப்பட்டவரின் முகவரியும் ஒன்றாக இருக்கிறதே என்று கேட்டார்.

வக்கீல் குனிந்து அம்மாவிடம் பேசினார். சுகுமாரன் அவள் வாயையே பார்த்தான். முடியாது என்று அவள் சொல்லிவிடுவாள். பேத்தியைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுவது அவள், வீடு அவளுடையது, கட்டில் அவளுடையது.

அம்மா கமலவேணி எழுந்து நின்றாள். தனக்குத் தெரிந்த மலாயில், தன் தங்கை சுப்பம்மாவுக்கு மெர்லிமாவில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது என்றும், இன்றைக்கே மகனோடு அங்கே போய்விடுவதாகவும் சொன்னாள். சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கவுண்டரில் பணம் கட்டி, கையெழுத்துப் போட்டு, அவர்கள் வெளியே வரும்வரை அவன் கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தான். அம்மா அவன் பக்கம் இரண்டு அடி எடுத்து வைத்தாள். வக்கீல் அவள் முழங்கையைத் தொட்டு ஏதோ சொன்னார். நின்றுவிட்டாள். அண்ணனோடு வக்கீலின் காரில் ஏறிப் போனாள்.

வீட்டில் தேவிஸ்ரீ அம்மாவின் மருந்து டப்பாக்களைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக எடுத்து வைத்திருந்தாள். "ஒண்ணும் எடுத்துட்டுப் போகல அத்த. பிரஷர் மாத்திர, சுகர் மாத்திர எல்லாம் இங்கதான் கெடக்கு." பிறகு குரல் மாறியது. "இன்ஸ்பெக்டர் போன் பண்ணாங்க. எந்த நம்பர்லருந்து மிரட்டுனாங்கன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன். நாளைக்கி உங்க போன எடுத்துக்கிட்டு பாலாய்க்கு வரணுமாம். யாருங்க பண்ணது?"

அவன் டப்பாக்களைப் பையில் போட்டான். தேவிஸ்ரீ அவனையே பார்த்தபடி நின்றாள். "வந்துச்சா, வரலியா?" என்று கேட்டாள். காரை எடுத்தான்.

மெர்லிமாவுக்குப் போகும் வழியெல்லாம் மழை. செர்காம் திருப்பத்தைக் கடக்கும்போது மணிக்கட்டு அரித்தது. சுப்பம்மா சின்னம்மாவின் வீட்டுக்கு முன்னால் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஜன்னல்களைத் திறந்து போட்டிருந்தார்கள். மணி ஐந்துகூட ஆகவில்லை. உள்ளே யாரோ ஒட்டடை அடிக்கும் சத்தம் கேட்டது. அண்ணனாகத்தான் இருக்க வேண்டும். அம்மாவும் அண்ணனும் இனி ஒரே வீட்டில் கண்விழிக்கப் போகிறார்கள். மீன் தலையை யாருக்கும் எடுத்து வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

கேட்டைத் தட்டினான். அம்மா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வேகமாக வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை. கம்பி இடுக்கில் பையை வாங்கிக்கொண்டாள்.

"நீ இங்க வரக்கூடாதுடா. லாயரு சொல்லிட்டாரு. யாராச்சும் பாத்தா அவன திரும்ப உள்ள போட்டுருவாங்க."

"அப்ப எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லயா உனக்கு?" கேட்டபிறகுதான், தான் கத்துவது அவனுக்கே தெரிந்தது. "என்னய அடிச்சாங்கம்மா. அவன் தடுக்காம வெளிய போயிட்டான். நீ அவனுக்குக் கையெழுத்துப் போடுற. என்கிட்ட கோயிலுக்குன்னு பொய் சொல்லிட்டு வந்து போடுற."

அம்மா கம்பி வழியாகக் கையை விட்டு அவன் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள்.

"பிள்ளய தூக்கிருவேன்னு போன் பண்ணாங்களாமே. ஏன்டா என்கிட்ட சொல்லல? கோர்ட்டுல அத கேட்டதும் என் உசிரே போச்சி. நாளைக்கே வீட்டுப் பூட்ட மாத்து. வேன்ல அனுப்பாத, நீயே கொண்டுபோய் விடு. அந்தப் பயலுவ எங்க இருக்கானுவன்னு இவன்கிட்ட நான் கேட்டு வாங்குறேன். இவன் என் கண்ணு முன்னால இருந்தா உன் பக்கம் ஒரு பய வரமாட்டான். வெளிய போகவிடமாட்டேன். நான் பாத்துக்கிறேன், நீ போ."

போன் வரவில்லைம்மா என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அவள் கை சட்டையை விட்டுவிடும். அவனை இப்படிப் பிடித்து எத்தனை வருஷமாயிற்று என்று அவனுக்கு நினைவில்லை. மழைத் தண்ணீர் அவள் முழங்கை வழியாக வழிந்து அவன் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கம்பியோடு ஒட்டி நின்றான்.

உள்ளேயிருந்து அண்ணனின் குரல் வந்தது. "யாரும்மா அங்க?"

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். மருந்துப் பையைச் சேலைக்குள் மறைத்தாள்.

"யாருமில்லப்பா," என்றாள்.

கேட்டுச் சங்கிலியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி, பூட்டை அழுத்தி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மழைக்குத் தலையைக் குனிந்து, நனைந்த புல்லுக்குள் கால் வைத்து வைத்து வழி தேடி நடந்து போனாள்.