அடுத்த பாவு

பாலமுருகன் வீட்டில் ஒரு பாவு, அதாவது தறியில் ஏற்றிய நீளவாட்டு இழைகள், நெய்து முடிந்தால் தறியைக் கலைக்க மாட்டார்கள். அச்சுக்குள் நிற்கும் பழைய இழைகளின் முனையில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து இழுத்துக்கொள்வார்கள். அதே தறியில் வேறு நிறத்தில் சேலை வளரும். மென்பொருளும் அப்படித்தான் என்று அவன் நம்பினான்.

ஆரணிப் பட்டு வியாபாரிகள் சிலர் சேர்ந்து, சேலைகளைக் காட்டி விற்க அவனிடம் ஓர் ஆப் கேட்டிருந்தார்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓட வேண்டும். எதில் எழுதுவது என்று அவர்களோடு பேச உட்கார்ந்தபோது, இரண்டு போனுக்கும் சேர்த்து ஒரே முறை எழுதும் ஃப்ளட்டரில் எழுதலாம் என்றாள் மதிவதனி. கல்லூரியில் அவனுக்கு ஜூனியர்; நாற்று நடும் குடும்பத்துப் பெண். அவன் கூப்பிட்டான் என்பதற்காகச் சென்னை வேலையை விட்டு, படவேட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

"கத்துக்கினு எழுத நாளாவும்ணா. ஆனா ஜரிகைய பெருசு பண்ணிப் பாத்தா படம் திக்காது."

அவனிடம் வெப்சைட் ஒன்று தயாராக இருந்தது. அதையே ஓர் உறைக்குள் போட்டால் தீபாவளிக்குள் ஆப் வந்துவிடும்.

"இப்ப இத ஓட்டலாம். அப்புறம் ஒவ்வொரு பக்கமா ஃப்ளட்டர்ல முடிஞ்சிக்கலாம். பாவு மாதிரி."

"அப்பிடி சேராதுண்ணா. மொத்தமா திரும்ப எழுதணும்."

வியாபாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சிரித்தான்.

"உங்க ஊட்ல தறி இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

வியாபாரிகளில் ஒருவரான குப்புராஜ் தொடையைத் தட்டினார். "நாத்து நடறவங்களக் கேட்டா பாவப் பத்தி இன்னா சொல்லுவாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். மதிவதனி லேப்டாப்பை மூடினாள்.

தீபாவளிக்கு ஆப் வந்தது. சேலைகளும் விற்றன. பொங்கலுக்குள் புகார்கள் வரத் தொடங்கின. முந்தானையைப் பெரிதாக்கினால் படம் திக்கித் திக்கி நின்றது. பாலமுருகன் அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஃப்ளட்டரில் எழுதச் சொன்னான். எழுதினாள். பழைய பக்கத்தில் தேர்ந்தெடுத்த சேலை புதுப் பக்கத்துக்கு வந்து சேரவில்லை. வாங்குகிறவர்கள் ஒரே சேலைக்கு இரண்டு முறை பாஸ்வேர்டு போட்டார்கள். அதை ஒட்டுப்போடுவதே அவள் வேலையாயிற்று. அடுத்த தீபாவளிக்குள் சென்னையில் வேறு வேலை தேடிக்கொண்டாள்.

கடைசி நாள் மாலை அவன் சொன்னான்: "மொத்தமா ஃப்ளட்டர்லயே எழுதிடலாம், மதி. கூட இரு."

"பாஸ்வேர்டெல்லாம் உங்க மெயிலுக்கு அனுப்பிட்டேண்ணா."

"அன்னிக்கு தறி கிறின்னு நான் ஏதோ சிரிச்சிகினே..."

"தெரியும்ணா. நாம ரெண்டு பேர் மட்டும் இருந்தப்ப சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன்."

பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். படியில் ஏறி வந்த குப்புராஜ் ஒதுங்கி வழி விட்டார். அவள் தெருவைத் தாண்டும்வரை பார்த்துவிட்டு மேலே வந்தார்.

"இன்னாப்பா, அந்தப் பொண்ணு போயிடுச்சா? சரியா வேல தெரியலயா?"

வேலை தெரிந்தவள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"சென்னையில கெடச்சிடுச்சுங்க" என்றான் பாலமுருகன்.