ஓரின் கொடுத்த இருபது தோட்டா

எலி அம்மணமாக ஓடினால் காரணம் இல்லாமல் இருக்காது. ஓரின் எனக்குத் தோட்டா கொடுத்தபோது எனக்கு அதுதான் தோன்றியது.

கோடியாக் தீவில் அடுத்தவன் கையால் வெடிமருந்து நிரப்பிய தோட்டாவை நாங்கள் யாரும் சுடமாட்டோம். அடுத்தவன் பல் பிரஷை வாங்கித் தேய்ப்போமா? மருந்து கூடிப்போனால் துப்பாக்கியே முகத்தில் வெடிக்கும். நானும் ஓரினும் கரடி வேட்டைக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறவர்கள். இருவருக்கும் ஒரே அளவுப் பெரிய துப்பாக்கி. கட்டைவிரல் தடிமனில் குண்டு, சுட்டால் தோளில் குதிரை உதைத்தது போல ஓர் உதை. அந்த உதை பழகிவிட்டால் மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான்.

வேட்டைக்கு அவன் ஆசைப்பட்ட தென்கரைக் காடு இந்த வருடம் எனக்குக் கிடைத்தது. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு திடீரென்று இந்தப் பெட்டி. “வச்சுக்கடா லைல், பாத்துப் பாத்து நிரப்புனது” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

மதியம் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு தோட்டாவிலும் குண்டைப் பிடுங்கினேன். மருந்தைத் தராசுத் தட்டில் கொட்டி எடைபோட்டு, திரும்ப நிரப்பி, குண்டை அழுத்தி மூடினேன்.

“உன்னக் கொல்லணும்னா அவன் எதுக்கு இவ்ளோ மெனக்கெடணும்? படகுலருந்து ஒரு தள்ளு போதாதா?” என்றாள் என் மனைவி நோரீன். “வா, மான்கறி ஆறுது.”

சாப்பிட்டு வந்தபோது தராசுத் தட்டில் மருந்து கிடந்தது. சிந்தியதாக இருக்கும் என்று டப்பாவில் கொட்டிவிட்டு, மிச்சமிருந்த ஒன்றையும் மூடினேன். இருபதும் இம்மி பிசகாமல் இருந்தன. வெட்கமாகிவிட்டது. இனி அவன் தோட்டாவைத்தான் சுடுவது என்று பெட்டியைப் பைக்குள் வைத்தேன்.

மூன்றாம் நாள் ஓரின் கூட்டிப்போன ஆள் ஒரு கரடியைக் காயப்படுத்திவிட்டான். அது ஆள் உயரத்துக்கு அடர்ந்த ஆல்டர் புதருக்குள் போய்விட்டது. காயம்பட்டதை விட்டுவிட்டு வருவது எங்கள் வழக்கமில்லை. ஓரினுக்குத் துணையாக நானும் போனேன்.

ஓரின் புதர் ஓரத்தில் நின்று, “வர்ற வழியில ஓடையில விழுந்தப்ப தோட்டாப் பையும் போச்சுடா. நான் குடுத்தது இருக்கா?” என்றான்.

பெட்டியை நீட்டினேன். நான்கை எடுத்துத் துப்பாக்கியில் போட்டான். அப்போதுதான் அந்தத் தராசுத் தட்டு நினைவுக்கு வந்தது. நான் ஒரு துளியும் சிந்தவில்லையே! அப்படியானால் அது கடைசித் தோட்டாவுக்கு எடைபோட்ட மருந்து; இருபதில் ஒன்றில் மருந்தே இல்லை. சுட்டால் குண்டு பாதிக் குழலில் சிக்கிக்கொள்ளும். கரடி அதற்காகக் காத்திருக்காது.

சொன்னால் நட்பு போகும். சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவான்.

“ஓரின், அத வெளிய எடு.”

“ஏன்?”

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான்.

“இருபதையுமா பிரிச்ச?”

“இருபதையும்.”

“எப்படி இருந்துச்சு?”

“இம்மி பிசகல.”

“தென்கரைல கரடி பெருசாச்சேன்னு மூணு நாள் உக்காந்து நிரப்புனேன்டா.”

என்னால் தலை நிமிர முடியவில்லை. அவன் கையை நீட்டினான்.

“உனக்குன்னு நீ நிரப்புனது இருக்குல்ல? குடு.”

பையின் அடியில் கிடந்த என் பழைய தோட்டாக்களில் நான்கைக் கொடுத்தேன். அவன் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்கையும் உள்ளே தள்ளிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புதருக்குள் நுழைந்தான்.