உத்தரத்துக் குளவி

படித்த குடும்பம், வேதம் தெரிந்த கிறிஸ்தவக் குடும்பம் என்று சொல்லித்தான் ஞானபாக்கியத்தைச் சேத்தூரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வந்து பார்த்தால் அந்த வீட்டில் வேதம் நாத்தனார் பரிபூரணத்தின் வாயில் மட்டும்தான் இருந்தது. எதிர்வீட்டு வேலுத்தாய் பல்லி சத்தத்துக்குத் தரையைத் தட்டினால், "அஞ்ஞானம், அஞ்ஞானம்" என்று இங்கிருந்து இவள் தலையில் அடித்துக்கொள்வாள். அதே பரிபூரணம், ஆடி பிறந்ததும் படுக்கை அறை உத்தரத்தில் குளவி கூடு வைத்ததைப் பார்த்து முழங்காலில் விழுந்துவிட்டாள்.

"ஏட்டி, குளவி கூடு வச்சிட்டு! இனி இந்த வீட்டுல தொட்டில் ஆடும். யாரும் கை வைக்கப்படாது."

"பல்லின்னா மட்டும் அஞ்ஞானமா, மதினி?"

"பல்லி வேற, குளவி வேற. ஒனக்கு வாய் தெறக்க அளவுக்கு வயிறு தெறந்திருந்தா நான் ஏன் குளவியப் பாக்கேன்?"

கல்யாணமான நாளிலிருந்து இதே பேச்சு. அழுகையெல்லாம் வற்றிப்போய் ஞானபாக்கியத்துக்கு இளக்காரம்தான் மிச்சம் இருந்தது. குளவி கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று ஊர் சொல்லும்தான். ஆனால் ஊர் சொல்வது மண் குளவியை. அது ஒற்றையாக வரும், ஈரமண்ணைச் சுமந்து வந்து சுவரில் பூசும், புழுவை உள்ளே அடைத்து மூடிவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடும். யார் வம்புக்கும் வராது. உத்தரத்தில் தொங்கியதோ கவிழ்த்த தாமரைக்காய் மாதிரி, காகிதம் போன்ற கூடு. கண் கண்ணாக ஓட்டை, மேலெல்லாம் குளவி. கிட்டே போனால் கூட்டமாக வந்து கொட்டும். வரம் கேட்கிறவர்களுக்கு, கொடுக்கிற குளவி எது என்றாவது தெரிய வேண்டாமா?

புருஷன் ஐயாதுரை இராஜபாளையத்தில் ஒரு மில்லில் டைம் கீப்பர். மில் ஆட்களை அதட்டுகிற மீசை, வீட்டில் அக்கா முன்னால் தொங்கிப்போகும். தலையில் துண்டைப் போட்டுக் குனிந்துதான் அறைக்குள் போவான். ஒருநாள் பிடரியில் கொட்டியே விட்டது. "சோதனைடா தம்பி, பொறுத்துக்கோ" என்றாள் அக்கா. அவனும் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு "ஆமென்" என்றான். குளவிக்குப் புகை ஆகாதென்று அடுப்பை முற்றத்துக்கு மாற்றினார்கள். சாரலில் நனைந்துகொண்டு சோறு பொங்கியவள் ஞானபாக்கியம்.

உண்மையில் குளவி வரும் முன்பே அவளுக்கு நாள் தள்ளியிருந்தது. இதற்கு முன் தள்ளி ஏமாந்தவள் என்பதால் வாய் திறக்கவில்லை. ஆவணி கடைசியில் சந்தேகம் தீர்ந்தபோது உத்தரத்துக் கூடு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்திருந்தது. இப்போது சொன்னால் பேரெல்லாம் குளவிக்குப் போகும். அது போகட்டும். கூடு அப்புறம் எந்தக் காலத்திலும் இறங்காது, அதற்கு நேர் கீழேதான் தொட்டிலும் கட்டுவார்கள். பச்சைப்பிள்ளை மேல் நாலு குளவி விழுந்தால் தாங்குமா?

ஆம்பிளைகளிடம் விடவும் பயம். பின்தெரு சங்கரலிங்கம் என்ற சூரன் போன வருஷம் தன் வீட்டுக் குளவிக்கூட்டுக்குப் பட்டப்பகலில் தீப்பந்தத்தோடு போய், கூட்டை விட்டுவிட்டுக் கூரையைக் கொளுத்தினான். இரை தேடப் போயிருந்த குளவிகள் திரும்பி வந்து அவனைத் தெருக்கோடி வரை விரட்டின.

ஒரு ஞாயிறு, அக்காவும் தம்பியும் மாலை ஆராதனைக்குக் கிளம்பினார்கள். ஞானபாக்கியம் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். பொழுது சாய்ந்து குளவிகள் கூட்டில் அடங்கட்டும் என்று காத்திருந்தாள். ஓட வேண்டி வந்தால் ஓட, முற்றத்துக் கதவைத் திறந்து வைத்தாள். இருப்புச்சட்டிக் கங்கில் பச்சை வேப்பிலையைப் போட்டுக் கூட்டுக்குக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள். புகையில் அவை கிறங்கிய பிறகு கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ந்த உத்தரம், தரையில் நின்றாலே எட்டியது. ஈரச்சாக்கின் வாயைக் கூட்டைச் சுற்றிக் கொடுத்துக் காம்பை முறித்தாள். சாக்கை முறுக்கிக் கட்டித் தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி மேலே கல்லை வைத்தாள். மணிக்கட்டில் ஒன்று கொட்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

"கூட்ட எடுத்துட்டேன், மதினி. நான் முழுகாம இருக்கேன். குளவி வாரதுக்கு முந்தியே."

மாரில் அடித்துக்கொள்ளப் போன கையைப் பரிபூரணம் அப்படியே வானத்துக்குத் தூக்கினாள். "வயித்துல இருக்கது தெரிஞ்சுதாம்ல அது தேடி வந்திருக்கு! அதப் போயி கொன்னுட்டியே, பாவி!"

"ஆமாக்கா" என்றான் ஐயாதுரை. அப்பனாகப் போகிறவனுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்த வார்த்தை அதுதான்.

மறுநாள் காலையில், இரவு வெளியே தங்கிவிட்ட சில குளவிகள் கூடு இருந்த இடத்தைத் தேடி வந்து சுற்றின.

"அங்கன நிக்காதிய, மதினி. கோவத்துல இருக்கும். ரெண்டு நாள் கதவ அடச்சுப் போட்டா தன்னால போயிரும்."

அவள் கேட்பாளா? ஆண்டவர் திருப்பி அனுப்பிவிட்டார் என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நேர் கீழே நின்று ஜெபத்தைத் தொடங்கினாள். ஜெபம் முடியவில்லை. மேல் உதட்டில் கொட்டிவிட்டது.

உதடு பணியாரம் போல வீங்கியது. அந்த வீட்டில் முதல்முறையாக நிம்மதியாகக் காகம் கரைவது கேட்டது. சுண்ணாம்பு தடவிவிடும்போது ஞானபாக்கியம் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள்.

வலியும் கோபமும் தாங்காமல் பரிபூரணம் விளக்குமாற்றை எடுத்தாள். ஒட்டடை, பூச்சி, சிலந்தி என்று கண்ணில் பட்டதையெல்லாம் அடித்துக்கொண்டு போனாள். எப்போதும் சுவரோடு திறந்தே கிடக்கும் அடுப்படி ஜன்னல் கதவையும் வெடுக்கென்று இழுத்தாள். பின்னால் சுவரில் எலுமிச்சை அளவுக்கு ஒரு மண் உருண்டை. சித்திரையில் கட்டிய மண் குளவிக்கூடு. சுவரெல்லாம் கரி படிந்திருக்க, அதைச் சுற்றி மட்டும் பளிச்சென்று இருந்தது. யாரோ கூட்டில் கை படாமல் ஓரம் பார்த்துத் துடைத்துத் துடைத்து வந்திருந்தார்கள்.

விளக்குமாறு ஓங்கியது. ஞானபாக்கியம் பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள்.

"அது வேண்டாம், மதினி! அது ஒண்ணும் செய்யாது. இருக்கட்டும், மதினி!"

பரிபூரணம் கூட்டைப் பார்த்தாள். சுற்றியிருந்த சுத்தத்தைப் பார்த்தாள். பிறகு ஞானபாக்கியத்தை மேலும் கீழும் பார்த்தாள். வீங்கிய உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"அஞ்ஞானம்" என்றாள் கொழகொழவென்று.

ஞானபாக்கியம் கூட்டில் இடிக்காமல் ஜன்னல் கதவை மெல்லத் தள்ளி வைத்தாள்.