குறைகளை மட்டும் எழுது

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபேனுக்கு நேர் கீழே, வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் ஜோசப் ராஜ் அண்ணன். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எங்கே உட்கார்ந்தாலும் ஸ்டியரிங் பிடித்த மாதிரி நிமிர்ந்துதான் உட்காருவார். அவருக்கு இடப்பக்கம் சுவரில் சாய்ந்து கால் நீட்டி நாச்சியார் அக்கா. நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களில் அவருக்குத்தான் வாய் பெரிது. நிலைப்படியில், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கும் பெத்தன். ஸ்டூலில் உட்கார்ந்து, தையல் மிஷினின் மேல் அட்டையை வைத்துக்கொண்டு, எழுதுவதற்குத் தயாராக நான். கூட்டத்தைக் கூட்டிய என் மனைவி நாகவல்லி மட்டும் உட்காரவில்லை. அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

இந்த முறையும் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று வந்திருந்தது. நாகவல்லி நிற்கிறாள். ஆனால் உள்ளூர் ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு அவள் ஜெயிக்க முடியாது. திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு பஸ் கொள்ளும் அளவுக்கு இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஓட்டு இங்கேதான். அவர்கள் வருவதும் வராததும் என் அண்ணன் முத்துக்கண்ணனின் ஒரு வார்த்தையில் இருக்கிறது. அண்ணனுக்கோ தேர்தல் என்றாலே கசப்பு. நான் ஃபோன் செய்தபோது சிரித்தார்.

“எவன் பிரசிடெண்டா வந்தாலும் நம்ம தெரு அப்படியேதான்டா கெடக்கு. லீவு போட்டு, வெயில்ல நின்னு மை வச்சுக்கிட்டுப் போறதுல எனக்கு என்ன வந்துச்சு? சரி, ஒண்ணு செய்யி. நாகவல்லியப் பத்தி ஊருக்குள்ள என்னென்ன குறை பேசுறாகளோ, அத மட்டும் எழுதி அனுப்பு. பெருமைய எழுதாத, அது நோட்டீஸ்ல வரும். படிச்சுப் பாத்துட்டு, நாங்க வாரதா வேணாமான்னு சொல்றேன்.”

ஃபோனிலேயே சொல்கிறேன் என்றேன், கேட்கவில்லை. ஃபோனில் பேசினால் எங்கள் இருவருக்கும் சண்டை வந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். எனக்கும் கடிதம்தான் வசதி. பள்ளத்தூர் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தபடி இடம், நாள், அனுப்புநர், பெறுநர் என்று வரிசை மாறாமல் எழுதுகிறவன் நான். தெருவிளக்கு எரியவில்லை என்பதில் தொடங்கி முதியோர் உதவித்தொகை வரைக்கும் இந்த ஊரிலிருந்து போன மனுக்களில் பாதி என் கையெழுத்து.

“மூஞ்சிக்கு முன்னாடி நல்லபடியா பேசிட்டுப் போகாதீக. முதுகுக்குப் பின்னாடி பேசுறதச் சொல்லுங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன்” என்றாள் நாகவல்லி.

“சொன்னா டீத்தண்ணி உண்டா, இல்லையா?” என்றார் நாச்சியார்.

“குடிச்சுக்கிட்டே என்னைய வையிங்க.”

நாச்சியார் டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டார். “உனக்கு ஈரம் இல்லத்தா. எங்கண்ணன் மகளுக்குப் பேறுகாலம்னு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு ஓட்டமும் நடையுமா வேலைக்கு வந்தேன். நூறு நாள் வேலைக்கு நீதான் பொறுப்பாளரு. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஆப்செண்ட் போட்ட.”

“வந்த ஆளுகள போட்டோ எடுத்து ஃபோன்ல ஏத்துற நேரம் முடிஞ்சிருச்சுக்கா. அவ என்ன செய்வா?” என்றேன் நான். சொல்லிக்கொண்டே அதை எழுதியும் கொண்டேன்.

அடுத்தது பெத்தன். “ஊர்க்குழாயில நான் மோட்டார் போட்டு உறிஞ்சினது தப்புதான். இல்லைங்கல. அதுக்காக, பங்காளி வீடுன்னு பாக்காம, தண்ணி தெறந்து விடுற ஆளக் கூட்டியாந்து பட்டப்பகல்ல கழட்டுவாகளா மதினி? தெருவே வேடிக்கை பாத்துச்சு.”

“முன்னாடியே ரெண்டு தடவை சொல்லிவிட்டோமேடா” என்றேன்.

“அது நீங்க சொன்னது. கழட்டுனது அவுக” என்றவன், கடையில் பால் கொதித்துக்கொண்டிருக்கும் ஞாபகம் வந்து எழுந்து ஓடினான்.

நாகவல்லி முந்தானையின் நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். ஜோசப் ராஜ் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“ஒண்ணு இருக்கு. சொன்னா பூமிநாதன் கோவிச்சுக்குவாரோன்னுதான் பாக்குறேன்.”

“எனக்கென்னண்ணே கோவம்? சொல்லுங்க.”

“போன தடவை ஒரு அம்மா ஜெயிச்சாகள்ல? கடைசி வரைக்கும் சேர்ல உக்காந்திருந்தது அவுக வீட்டுக்காரரு. நாமளும் அவரத்தான் பிரசிடெண்டுன்னோம். அந்தம்மாவ என்னன்னு சொன்னோம்? பிரசிடெண்டு சம்சாரம்னு சொன்னோம்.” நாச்சியாருக்கு டீ புரையேறியது. அண்ணன் சிரிக்கவில்லை. “இந்தத் தடவையும் அதே கதைதான்னு ஊர்ல பேச்சு. ஓட்டு தங்கச்சிக்கு. பிரசிடெண்டு பூமிநாதன்.”

என் காது சூடானது. ஆனாலும் குறை குறைதானே. வரிசை எண் போட்டு அதையும் எழுதினேன். எழுதி முடித்ததும் கை நிற்கவில்லை. அதன் கீழேயே, இது முற்றிலும் ஆதாரமற்ற குற்றச்சாட்டு என்று தொடங்கி, நான் எப்படிப்பட்டவன் என்பதை விளக்க ஆரம்பித்தேன். வாக்கியங்கள் அழகாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

“நீ என்னத்தா சொல்ற?” என்று நாச்சியார் நாகவல்லியைக் கேட்டார்.

“அவ என்ன நினைக்கிறான்னா…” என்று நான் நிமிர்ந்தேன்.

“அடப் பாவி மனுசா, இப்பத்தான சொன்னாக! நான் ஒன்னையவா கேட்டேன்?”

இந்த முறை ஜோசப் ராஜ் அண்ணனும் சிரித்துவிட்டார். நாகவல்லி சிரிக்கவில்லை. அடுப்படி வாசலிலிருந்து வந்து தாளை எடுத்தாள். முழுவதும் படித்தாள். என்னைப் பற்றிய குறையை அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழே நான் எழுதியிருந்த விளக்கத்தை ஒரே கோடாக அடித்தாள்.

“ஒங்கண்ணன் குறையத்தான கேட்டாக? ஒங்க பெருமைய எதுக்கு எழுதுறீக? எந்திரிங்க.”

எழுந்தேன். அவள் என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். எனக்கு உட்கார வேறு இடம் இல்லாததால் அடுப்படி வாசலில் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் பேசுகிறவர்களின் முகம் சரியாகத் தெரிவதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நிறுத்தி நிறுத்தி எழுதினாள். எழுதியதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

“ஆப்செண்ட் போட்டது உண்மை. நாளைக்கும் போடுவேன். மோட்டாரைக் கழற்றியதும் உண்மை. இவர் சொல்லிச் செய்யவில்லை, செய்யவேண்டும் என்று எனக்குப் பட்டது, செய்தேன். இவரைப் பற்றிய பேச்சில் பாதி உண்மை. மனு எழுத இவர் வேண்டும். எனக்காகப் பேச வேண்டாம். ஜெயித்தால் என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருக்காது. இருந்தால் ஊர் முன்னால் என்னைக் கேளுங்கள். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். நாகவல்லி.”

கடைசி வரியில் என் மனம் இடறியது. நானாக இருந்தால், அவசியம் வந்து ஆதரவளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்திருப்பேன். என் கடிதம் ஒவ்வொன்றும் அந்தத் தாழ்மையில்தான் முடிந்திருக்கிறது. இவள் கடிதத்தில் அந்த வார்த்தைக்கு இடமே இல்லை. சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் இவள் என் பொண்டாட்டி என்று யாரிடமாவது உரக்கச் சொல்லவேண்டும் போலவும் இருந்தது. சொன்னால் அதற்கும் நாச்சியார் ஏதாவது சொல்வார் என்று அடக்கிக்கொண்டேன்.

“இப்படி எழுதுனா அங்குட்டு இருந்து ஆளுக வருவாகளாத்தா?” என்றார் நாச்சியார். கிண்டல் இல்லாத குரல்.

“வந்தா, தெரிஞ்சு வரட்டும்கா.”

தாளை நான்காக மடித்தாள். திருப்பூர் அண்ணன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோரையும் விட அவளுக்கு நன்றாகத் தெரியும். கவரின் பசை காய்ந்து போயிருந்தது. அடுப்பில் இருந்த சோற்றுச் சட்டியிலிருந்து இரண்டு பருக்கை எடுத்து நசுக்கித் தடவி ஒட்டினாள். உள்ளங்கையால் அழுத்தி, அது பிடிக்கும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். விலாசத்தையும் அவளே எழுதினாள்.

“பள்ளத்தூர் போஸ்ட் ஆபீசுக்கு நான் போயிட்டு வாரேன்” என்றேன்.

“நான் போறேன். நீங்க சோத்த இறக்கி வையிங்க.”

சோற்றை இறக்கி வைத்துவிட்டு, பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலேயே போனேன். அதற்குள் அவள் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். பெத்தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

“என்னண்ணே, மதினி என்ன சின்னம் கேக்கப் போறாக?”

என்ன சின்னம் என்று ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“அந்தா இருக்கா. அவகிட்டயே கேளு.”

பஸ் நகர்ந்தது. கையில் டீ வடிகட்டியோடு பெத்தன் ஜன்னலை ஒட்டியே ஓடினான். நாகவல்லி ஒரு கையால் கவரை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னாள். காற்றிலும் இன்ஜின் சத்தத்திலும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பஸ் வளைவில் திரும்பியது. பெத்தன் நடு ரோட்டில் நின்றுவிட்டான். வடிகட்டியிலிருந்து அவன் காலில் டீ சொட்டிக்கொண்டிருந்தது.